அணை நடுவில் நின்ற படகு

எங்கள் பக்கத்தில் லாரி வாங்கிக் கெட்டவன் உண்டு, கிணறு வெட்டிக் கெட்டவன் உண்டு. படகு வாங்கிக் கெட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் பாதிப் படகு. மீதிப் பாதி என் அக்கா வீட்டுக்காரருடையது.

அறுபதுகளின் கடைசி. கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் நிற்க ஆரம்பித்த பிறகு, முன்பு வண்டி போன பாதை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அக்கரை ஊர்க்காரர்கள் சந்தைக்கு வரவேண்டும் என்றால் வெகு தூரம் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பரிசல். அணை வேலை நடந்த காலத்தில் அதிகாரிகள் சுற்றிப் பார்க்க வைத்திருந்த ஒரு மோட்டார் படகு, கழித்துப்போட்ட சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. மாமாவுக்கு லாரியில் கிளீனராக இருந்த பழக்கம். என்ஜின் சத்தம் கேட்டாலே அவருக்கு வாய் ஊறும். "மச்சான், நீ பாதி போடு, நான் பாதி போடறன். பரிசல்காரன் ஒரு நடை போறதுக்குள்ள நாம மூணு நடை போயிறலாம்" என்றார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். கணக்கு வராது, ஆனால் பயம் நன்றாக வரும். யாராவது ஒன்றை லாபம் என்று சொன்னால், அது அவருக்கா எனக்கா என்றுதான் முதலில் யோசிப்பேன். மாமாவிடம் அப்படி யோசிக்காமல் இருந்ததற்கு அக்காதான் காரணம். அம்மா அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவள் வீடுதான். நல்லது கெட்டது, பண்டிகை, காய்ச்சல், எல்லாம் அங்கேதான். அதனால் போட்டேன்.

வாங்கிய முதல் மழைக்கே படகு தன் குணத்தைக் காட்டியது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் கசிந்தது. பஞ்சைத் திணித்துத் தார் பூசினோம். ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் கசியும். அது நின்றது என்று மூச்சு விடுவதற்குள், முழுகிப்போன தோப்பின் புளியமரக் கட்டை ஒன்றில் அடிபட்டு, அடியில் சுற்றும் காற்றாடி வளைந்தது. அதைத் தட்டி நிமிர்த்தினால் அதைச் சுற்றும் தண்டு ஆட ஆரம்பித்தது. மாட்டுக்கு நோய் வந்தால் ஒரு நோய் வரும். இந்தப் படகுக்கு ஒரு நோய்க்குப் பார்த்த வைத்தியம் அடுத்த நோயைக் கொண்டுவந்தது.

சாமான் எதுவும் கிருஷ்ணகிரியில் கிடைக்காது. பெங்களூர் போக வேண்டும். அங்கே பழைய சாமான் கடைக்காரன் ஒரு பித்தளை உருப்படியைத் துடைத்துத் துடைத்துக் காட்டி, "ஹொஸது சாமி, ஹொஸது" என்பான். புதுசு என்றால் எதற்கு இவ்வளவு துடைக்கிறான் என்று எனக்குத் தோன்றும். மாமா வாங்கிவிடுவார். திரும்பி வரும்போது ஓசூருக்கு முன்னால் எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைக் கிளறுவார்கள்.

"இது என்னாது?"

"படகு சாமானுங்க."

"படகா? ஓசூர்ல கப்பல் விடறாங்களா? சொல்லவே இல்லையே."

பஸ்ஸே சிரிக்கும். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. பையில் இருப்பது புதுசா பழசா என்று அந்தச் சாவடிக்காரனாவது சொல்லமாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பழுது. தாங்கிக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத பழுது ஆயுத பூஜைக்குப் பிறகு வந்தது.

அந்த வருஷம் அணை நிறைந்திருந்தது. பூஜைக்கு அக்கா துறைக்கே வந்தாள். லாரிக்குச் செய்வது போலப் படகுக்கும் செய்ய வேண்டும் என்றாள். சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் மூக்குப் பலகைக்கு அடியில் வைத்துத் தள்ளினோம். பழம் நசுங்காமல் தண்ணீரில் மிதந்து போனது. "பரவாயில்ல, அதுவும் அக்கரைக்குப் போவுது" என்றார் மாமா. அக்கா மூக்குப் பலகையிலும் என்ஜின் பெட்டியிலும் பெட்ரோல் டாங்கின் பித்தளை மூடியிலும் சந்தனத்தை மஞ்சளோடு குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தாள். அன்று முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து வைத்துவிட்டுப் போவாள். வண்டி என்றால் அப்படித்தான். எங்கள் ஊரில் ஒரு தையல் மிஷின்கூடப் பொட்டு இல்லாமல் இருக்காது.

பூஜை முடிந்த வாரத்திலேயே படகு நடு அணையில் நின்றது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, இரண்டு முறை இருமி, அடங்கியது. மாமா கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். அசையவில்லை. ஆட்கள் கையில் கிடைத்த மூங்கிலைத் துடுப்பாகப் போட, கரை சேர்ந்தோம். மறுநாளும் அப்படியே. சில நாள் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாகவே கிளம்பும், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

"ஏமப்பா, மறுபடியும் நின்னுபோச்சா?" என்று கூடைக்காரத் தெலுங்கு அம்மா கேட்பாள். "காசும் குடுத்து, துடுப்பும் நாங்களே போடணுமா? எங்களுக்குக் கூலி குடு."

டவுனில் லாரிப் பட்டறை வைத்திருந்த பாய்தான் எங்களுக்கு மெக்கானிக். அவரைக் கூட்டிவந்தோம். அவர் படகில் ஏறினார். தோளில் இருந்த துணியை எடுத்து டாங்கின் மூடி மேல் போட்டு, பக்குவமாகத் திருகித் திறந்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம். உள்ளே எட்டிப் பார்த்தார், முகர்ந்தார், மூடினார். பிறகு கைப்பிடியைச் சுற்றினார். ஒரே சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

"நல்லாத்தானே இருக்குது தம்பி" என்றார்.

அவர் போன பிறகு நின்றது. மறுபடி வந்தார். மறுபடி அவர் கைக்கு ஓடியது. இந்தத் தடவை ஏதோ ஒரு சாமான் மாற்ற வேண்டும் என்றார். மாற்றினோம். அவர் இருக்கும்வரை ஓடியது, போனதும் நின்றது. அடுத்த தடவை வேறு ஒரு சாமான். இப்படியே என்ஜினில் பாதி மாறிவிட்டது.

எனக்கு அதற்கு மேல் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த ஆள் தொட்டால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. அது எப்படி? மூடியை எதற்காகத் துணி போட்டு மறைத்துத் திறக்கிறார்? அந்தத் துணிக்குள் கையில் என்ன வைத்திருக்கிறார்? உள்ளே எதையாவது போடுகிறாரா, எடுக்கிறாரா? ஒரு நாள் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து அவர் விரல்களைப் பார்த்தேன். "என்னா தம்பி, தொழில் கத்துக்கறியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா ஒரு வார்த்தை விட்டார். துறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான், இதக் கட்டிக்கிட்டு அழுவறதுக்கு வித்துடலாம். ஓசூர் பக்கம் ஒரு ஆளு கெணத்துக்கு வெக்க என்ஜின் தேடறானாம். பாய்தான் சொன்னாரு."

பாய்தான் சொன்னாரு. அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது எனக்கு. பாயும் மாமாவும் ஒரே லாரியில் வேலை பார்த்தவர்கள். நின்று நின்று தொல்லை கொடுத்தால் நான் வெறுத்துப்போய் என் பங்கை வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன். பிறகு என்ஜின் தானாகச் சரியாகும். இப்படி ஒரு படம் என் மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது.

படகை ஓட்டுவது எப்போதும் மாமாதான். நான் காசு வாங்குவேன், தண்ணீர் இறைப்பேன். பெட்ரோலை நிறுத்தும் குழாய்த் திருகு அவர் கால்மாட்டில் இருந்தது. கால் கட்டைவிரலால் எட்டித் திருப்பிவிடலாம். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டே அவர் காலைப் பார்ப்பேன். அவர் காலை நீட்டினால் திருப்பப் போகிறார் என்று இறைப்பதை நிறுத்திவிடுவேன். மடக்கினால் திருப்பிவிட்டார் என்று தோன்றும். கொசு கடித்து ஒரு நாள் காலைத் தேய்த்தார். அடுத்த நிமிஷம் படகு நின்றது. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஆனாலும் வாயைத் திறக்கப் பயம். சொன்னால் அக்கா வீடு போகும். சொல்லாவிட்டால் படகு போகும். இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டே கார்த்திகை கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா மறுபடி அந்த ஓசூர் ஆளின் பேச்சை எடுத்தார். என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

"படகு நிக்கிறது என்ஜினால இல்ல மாமா. யாரோ கால் வெக்கிறதால."

மாமாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அக்காவுக்கு உடனே புரிந்தது.

"யாரு காலு?" என்றாள்.

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கறன் இல்ல. யாரு காலுடா?"

மாமா எழுந்து கையைக் கழுவினார். "வுடு. அவனுக்குச் சோறு போடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அக்கா போடவில்லை. பாத்திரத்தை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் துறைக்கு வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. மாமா மட்டும் வந்து, என்னிடம் பேசாமல், வழக்கம்போல் படகை ஓட்டினார். மார்கழி வெயிலில் படகு போனது, வந்தது, போனது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மனதில் இருந்ததைச் சொன்னேன், சொன்ன நாளிலிருந்து படகு நிற்கவில்லை. மாட்டிக்கொண்டவன் கையை எடுத்துவிட்டான் என்பதைத் தவிர வேறென்ன நினைக்க முடியும்? ஆட்களும் அதையே நினைத்தார்கள். சண்டை விஷயம் துறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "இப்ப மட்டும் எப்படி ஓடுதுங்கறேன்" என்று மாங்காய் வியாபாரி ஒருவர் மாமாவின் காதில் விழும்படியே சொன்னார். மாமா அன்று சாயங்காலம் படகைக் கட்டிவிட்டு, என்ஜின் சுற்றும் கைப்பிடியைக் கொண்டுவந்து என் முன்னால் மணலில் போட்டார்.

"நீயே வெச்சிக்க. என் பங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். தொறப் பக்கமே நான் வரல."

அவருக்குப் பின்னால் போய்க் கூப்பிட எனக்குக் கால் வரவில்லை. ஜெயித்தது போலவும் இருந்தது, எதையோ மிதித்துவிட்டது போலவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் எதிர்பார்க்காத ஆள் துறைக்கு வந்தாள். அக்கா. கையில் சந்தனக் கிண்ணம். என் முகத்தைப் பார்க்காமல் படகில் ஏறினாள்.

"உனக்கும் அவருக்கும்தான் சண்ட. படகு என்னா பண்ணுச்சு, பாவம்" என்றாள். விட்டுப்போன வாரங்களுக்கும் சேர்த்து மூன்று இடத்திலும் தாராளமாக அப்பினாள். இறங்கிப் போய்விட்டாள்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். அணையின் பாதியில் சத்தம் மெலிந்தது. இரண்டு முறை இருமியது. நின்றது.

குனிந்து குழாய்த் திருகைப் பார்த்தேன். திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் என் காலைத் தவிர வேறு கால் இல்லை. கூடைக்கார அம்மா, "ஏமப்பா, நீயும் காலு வெக்கிறியா?" என்றாள். சிரிப்பு வந்தது எல்லோருக்கும்.

பாய் செய்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்றது. மூடினேன். சுற்றினேன், ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மறுபடி திறந்தேன், மறுபடி 'உஸ்'. மூன்றாவது தடவை மூடியைப் போடாமலே, ஒரு துணியை லேசாக விரித்துவிட்டு ஓட்டினேன். அக்கரை வரை படகு முணுமுணுக்கக்கூட இல்லை.

ஆட்கள் இறங்கியதும் மூடியைக் கையில் எடுத்து வெயிலில் பார்த்தேன். மேலே வாரவாரம் வைத்த சந்தனம் அடை அடையாகக் காய்ந்திருந்தது. பழைய அடை வெடித்திருந்தது, வெடிப்பின் மேல் இன்றைய ஈரச் சந்தனம் மெழுகியிருந்தது. நகத்தால் பெயர்த்தேன். நடுவில், ஊசி போகும் அளவுக்கு ஒரு ஓட்டை.

நேராகப் பாயின் பட்டறைக்குப் போனேன்.

"இது எதுக்கு பாய்?"

"காத்து போறதுக்கு. மேல காத்து போனாத்தான் கீழ பெட்ரோல் எறங்கும். அடைச்சா எறங்காது."

"அடைச்சிருந்துச்சு. நீங்க எத்தன தடவ தெறந்தீங்க. பாக்கலியா?"

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சாமிக்கு வெச்சது தம்பி. நான் எண்ணெக் கையால எப்படித் தொடறது? நீங்க எதுனா நினைச்சிக்குவீங்கன்னுதான் துணியப் போட்டுத் தெறந்தேன். அதுக்குள்ள ஓட்ட இருக்குதா இல்லியான்னு நான் பாக்கவே இல்ல."

எனக்கு அவர் பேச்சு உண்மை என்றுதான் பட்டது. ஆனாலும், அத்தனை சாமான் மாற்றினாரே, அத்தனையும் கெட்டுத்தான் போயிருந்ததா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னிடம்தான் இருக்கிறது.

அங்கிருந்து மாமாவிடம் போனேன். கொள்ளு அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கையிலிருந்த கட்டைக் கட்டி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

"யாரு வெச்ச சந்தனம்?"

"அக்காதான்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மாமா."

"சொல்லாத. ஊரே என்னத் திருடன்னு பேசறதுக்கு அவ வெச்ச சந்தனம்தான் காரணம்னு தெரிஞ்சா, சோறு தின்னமாட்டா. உன்ன அவ மன்னிச்சாலும் மன்னிப்பா, தன்னத்தானே மன்னிச்சிக்கமாட்டா."

"அப்ப ஆளுங்க உங்கள..."

"பேசட்டும். நீ பேசாததயா அவனுங்க பேசிறப்போறானுங்க?"

இவர் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறாரே, ஏன் என்றுகூட ஒரு நிமிஷம் என் புத்தி போனது. அந்தப் புத்தியை என்ன செய்வது?

அதன்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை அக்கா வருவாள், என்னிடம் பேசாமல் பொட்டு வைப்பாள், போவாள். அவள் தலை மறைந்ததும் நான் தென்னை ஈர்க்கால் ஓட்டையைக் குத்திவிடுவேன். படகு நிற்காமல் ஓடியது. அது நிற்காமல் ஓட ஓட மாமாவின் பெயர் கெட்டது. "பங்காளி எறங்கினான், என்ஜின் ஏறிக்கிச்சு" என்று அக்கரையில் ஒரு பேச்சே பிறந்துவிட்டது. நான் தண்ணீரை இறைத்துக்கொண்டு, காது கேளாதவன் போல இருந்தேன்.

தை முடியும் சமயம். அன்று அக்கா வர நேரமாகிவிட்டது. ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு கிண்ணத்தோடு ஏறினாள். அந்த மாங்காய் வியாபாரி முன்னால் இருந்தார். இவள் யார் வீட்டுக்காரி என்று அவருக்குத் தெரியாதோ, தெரிந்தேதான் பேசினாரோ, இரண்டாவது என்றுதான் எனக்குச் சந்தேகம்.

"பழைய பங்காளி இருந்திருந்தா இந்நேரம் நாம மூங்கில் புடிச்சிட்டு இருப்போம். நல்ல காலு அது" என்றார்.

அக்காவின் கை மூடிக்கு மேல் நின்றுவிட்டது. குனிந்தபடியே இருந்தாள். மாமாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இவள் இப்படி நிற்பது ஒரு பக்கம்.

"காலு எல்லாம் இல்லீங்க" என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. "மாமா மேல ஒரு தப்பும் இல்ல. இந்த மூடியில ஒரு ஓட்ட. தூசி அடைச்சிக்கிச்சு. அதான் நின்னுச்சு. நான் கண்ணால பாத்தன்."

தூசி என்றுதான் சொன்னேன். மூடியைக் கழற்றி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். வியாபாரி ஒரு கண்ணை மூடி அந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். "அடப்பாவி, இத்தினியூண்டா?" என்றார்.

அக்கா மூடியைக் கேட்டு வாங்கினாள். ஓட்டையைச் சுற்றிப் பள்ளத்தில் நான் சரியாகச் சுரண்டாமல் விட்ட மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூடியை அழுத்தித் துடைத்து, அதன் இடத்தில் வைத்து அவளே திருகினாள். சந்தனத்தை என்ஜின் பெட்டியின் மரத்தில் மட்டும் வைத்தாள்.

"நாளைக்கு மாமா வருவாரு" என்றாள் என்னிடம். இரண்டு மாதத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு. "கைப்புடிய அவர்கிட்ட குடு. ராத்திரி வந்து சாப்புடு."

மறுநாள் மாமா வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார். படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கத்துப் பலகையில் புதிதாக ஒரு கசிவு இருந்தது. தண்ணீர் கணுக்கால் வரை நின்றிருந்தது. தார் வாங்க வேண்டும், பஞ்சு வாங்க வேண்டும், தண்டுக்குப் பெங்களூர் போக வேண்டும்.

"சொல்லிட்ட இல்ல?" என்றார்.

"தூசின்னுதான் மாமா சொன்னேன்."

"அவ நம்பலடா." பிறகு கையை நீட்டினார். கைப்பிடியைக் கொடுத்தேன். "நான் ஓட்டறன். நீ எறச்சி ஊத்து. காலப் பாக்காத, தண்ணியப் பாரு."